விட்டுப்போன ஆண்டுகளின் இசையை எங்கிருந்து கேட்பது?

நண்பர்களே, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் புதுப்பாட்டு பக்கமே போகாதவர் மறுபடி கேட்க உட்கார்ந்தால், முதலில் 'டாப் 50' பட்டியலைத்தான் போடுவார். ஏழாவது பாட்டுக்குள் "இப்போ எல்லாம் இரைச்சல்தான்" என்று மூடிவிடுவார். அந்தப் பட்டியல் இந்த வாரம் எது அதிகம் ஓடியது என்று மட்டும்தான் சொல்லும். எதை முதலில் கேட்டால் காது பழகும் என்று அதற்குத் தெரியாது.

இரைச்சல் என்ற புகாரில் பாதிக்குக் காரணம் கேட்கும் கருவி. இன்றைய பாட்டுகள் பலவற்றில் தாளத்தைத் தாங்குவது 40, 50 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள அடித்தட்டு பாஸ், அதாவது மிகத் தாழ்ந்த ஒலி. போனின் குட்டி ஸ்பீக்கரில் அது அநேகமாக வராது. டிரம்ஸில் உள்ள ஹை-ஹேட் தாளத்தட்டின் 'சிக் சிக்', மேலே குரல், நடுவே வெற்றிடம்: இதைக் கேட்டுவிட்டுத்தான் தீர்ப்பு எழுதுகிறோம்! காதை நன்றாக மூடும் ஹெட்போனில் அதே பாட்டைப் போட்டுப் பாருங்கள், அடித்தளம் வந்து உட்காரும். இன்னொன்று சத்த அளவு. எண்பதுகளின் சிடிக்களில் சத்தம் ஏறி இறங்க இடம் இருந்தது. தொண்ணூறுகளிலிருந்து மாஸ்டரிங்கில், அதாவது வெளியிடும் முன் ஒலியைச் சரிசெய்யும் கடைசி வேலையில், எல்லாவற்றையும் அழுத்தி மேலே தூக்கினார்கள். பழையதையும் புதியதையும் அடுத்தடுத்துப் போட்டால் புதியது கத்துவதுபோல் இருப்பது இதனால்தான். பாட்டு ஆப்பின் செட்டிங்ஸில் சத்தத்தைச் சமப்படுத்தும் 'வால்யூம் நார்மலைசேஷன்' இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். ஸ்பாட்டிஃபையில் இயல்புநிலை இலக்கு மைனஸ் 14 லஃப்ஸ் (சத்தத்தை அளக்கும் அலகு). அழுத்தம் அப்படியேதான் இருக்கும், ஆனால் ஒப்பிடுவதாவது நியாயமாக இருக்கும்.

அடுத்து, ஆப்பின் பரிந்துரை. உங்களைப் போலவே கேட்பவர்கள் வேறு என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துத்தான் அது பெரும்பாலும் பாட்டை எடுத்துத் தருகிறது. கணக்கு முழுக்கப் பழைய பாட்டு என்றால், உங்களுக்குக் கிடைக்கும் கூட்டாளிகளும் பழைய பாட்டுக்காரர்கள்தான். வட்டம் உடையவே உடையாது. பழையதைக் கேட்கும்போது, கேட்டதைப் பரிந்துரைக்குப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத 'பிரைவேட் செஷன்' போட்டுக்கொள்ளுங்கள். பழைய பிளேலிஸ்ட்களை ரசனைக் கணக்கிலிருந்து விலக்கும் வசதியும் இருக்கிறது. ஆல்பம் முடிந்ததும் தானாக வேறு பாட்டு ஓடும் 'ஆட்டோபிளே'யை அணைத்துவிடுங்கள்.

சரி, எதைக் கேட்பது? பிடித்த பழைய பாடகரின் புது ஆல்பத்தில் தொடங்காதீர்கள். பழையதோடு ஒப்பிட்டே மனம் ஓய்ந்துபோகும். அவருடைய பழைய ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர், மிக்ஸ் செய்தவர், தயாரிப்பாளர் யார் என்று பாருங்கள். டிஸ்காக்ஸ், மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற இணையதளங்கள் இரண்டிலும் ஒருவர் பெயரைத் தட்டினால் அவர் கைபட்ட வேலைகள் வந்துவிடும். நீங்கள் கேட்பதை நிறுத்திய ஆண்டுக்குப் பின் அவர் யாரோடு வேலை செய்தார்? அந்தப் பட்டியலில் கேள்விப்படாத பெயர் ஒன்று நிச்சயம் இருக்கும். அவருடைய ஆல்பத்தை எடுங்கள். ஒலி பழக்கமானது, ஆள் புதியவர். காது சண்டை போடாது.

வாரம் ஒரு ஆல்பம் போதும், மூன்று முறை. முதல் முறை நடந்துகொண்டோ வேலை செய்துகொண்டோ. இரண்டாவது ஹெட்போனில், கையில் வேறு வேலையில்லாமல். இரண்டு நாள் விட்டு மூன்றாவது. முதல் முறையிலேயே மதிப்பெண் போடுவதுதான் பெரும்பாலோர் சறுக்கும் இடம். பாட்டுகளைக் கலைத்துப் போடும் ஷஃபிள் வேண்டாம். 2021-இல் பாடகி அடேல் கேட்டுக்கொண்ட பிறகு ஸ்பாட்டிஃபையே ஆல்பங்களை வரிசைப்படி ஓடவிடும் மாற்றத்தைச் செய்தது. பாடுபவர்களுக்கே அந்த வரிசை அவ்வளவு முக்கியம்.

பல்லவி சீக்கிரம் வந்துவிடுகிறதே என்று குறைப்படுவோர் உண்டு. ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால்தான் ஒரு கேட்பாகக் கணக்கு. நீண்ட முன்னிசை சுருங்கியதற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். முன்னிசை வேண்டுமென்றால் ஹிட் பாட்டை விட்டுவிட்டு ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்குப் போங்கள், பலர் அங்கேதான் சாவகாசமாக நீட்டி வாசிக்கிறார்கள்.

2015 ஜூலை முதல் பெரும்பாலான நாடுகளில் வெள்ளிக்கிழமைதான் புது வெளியீட்டு நாள். அந்த வாராந்தரப் பட்டியல்களை முதல் மூன்று மாதம் தொடாதீர்கள். போன ஆண்டில் தொடங்கி ஒவ்வோர் ஆண்டாகப் பின்னால் போங்கள். விட்ட இடத்திலிருந்து முன்னோக்கி வந்தால் பாதி வழியிலேயே அலுத்துவிடும்.