இலையின் இரவுச் செலவு

வணக்கம் நேயர்களே.

நன்றாக வெயில் பட்ட ஒரு செடியிலிருந்து சாயங்காலம் ஓர் இலையைப் பறியுங்கள். அதே செடியில் இன்னொன்றை மறுநாள் விடியுமுன் பறியுங்கள். இரண்டையும் கொதிநீரில் முக்கி எடுத்து, சூடான ஆல்கஹாலில் போட்டால் பச்சை நிறம் இறங்கிவிடும். (ஆல்கஹாலை நேராக அடுப்பில் வைக்காதீர்கள், குப்பென்று பற்றிக்கொள்ளும், அடுப்பை அணைத்துவிட்டு, வெந்நீருக்குள் வையுங்கள்.) வெளுத்த இலைகளில் அயோடின் சொட்டுங்கள். சாயங்கால இலை கருநீலமாகும். விடியற்கால இலையில் அயோடினின் பழுப்புதான் தெரியும். கருநீலம் வந்தால் மாவுச்சத்து இருக்கிறது என்று அர்த்தம். ராத்திரியோடு ராத்திரியாக அது எங்கே போனது?

முதலில் அது வந்த வழியைப் பார்த்துவிடுவோம். 17-ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்பவர் 200 பவுண்டு காய்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு வளர்ந்தது. மண்ணில் குறைந்ததோ சில அவுன்ஸ்தான். எல்லாம் தண்ணீரின் வேலை என்று முடிவுகட்டினார். பாதி சரி. காற்றை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

காற்றில் கரியமில வாயு பத்தாயிரத்தில் நாலு பங்கு சொச்சம்தான். இலைத்துளை வழியே அது உள்ளே வருகிறது. பச்சையம் பிடித்த ஒளியின் பலத்தில் தண்ணீர் பிளக்கப்படுகிறது. ஆக்சிஜன் வெளியேற, மிச்சத்தைக் கொண்டு கரியமில வாயு சர்க்கரையாகிறது. உரத்தைச் செடியின் சாப்பாடு என்பது எனக்கு ஒப்பவில்லை. உரம் உப்பு மாதிரி, வேண்டியதுதான்; ஆனால் சோறு இலையில்தான் வேகிறது.

சரி, செலவுக்கு வருவோம். சர்க்கரையில் ஒரு பங்கு பகலிலேயே வேருக்கும் குருத்துக்கும் காய்க்கும் போகிறது. வெளிச்சமே பார்க்காத வேரும் பிழைக்க வேண்டுமே! மிச்சம் மாவுச்சத்தாக இலையிலேயே சேர்கிறது. ராத்திரியில் வரவு கிடையாது, சுவாசம் மட்டும் நிற்பதில்லை. அதனால் அந்தச் சேமிப்பு மறுபடி சர்க்கரையாகக் கரைந்து செலவாகிறது.

அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். விடியும்போது ஏறக்குறைய தீர்ந்துபோகிற வேகத்தில், சீராகச் செலவழிக்கிறது. ஒருநாள் வழக்கத்துக்குச் சில மணி நேரம் முன்பே விளக்கை அணைத்தார்கள். அன்று கையிருப்பு குறைவு, இரவோ நீளம். செடி அன்றைக்கே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, விடியும்வரை ஓட்டிவிட்டது.