ராக்கெட்டிலிருந்து வந்த இரண்டு திரவங்கள்: ஒன்று உங்கள் தூண்டில் ரீலைக் காக்கும், இன்னொன்று கவிழ்க்கும்!

[திரையில்: ராக்கெட் ஒன்று கிளம்புகிறது. புகை விலகியதும் மேசைமேல் ஒரு தூண்டில் ரீல்.]

வணக்கம். தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கும் இந்த ரீலுக்கும் அந்த ராக்கெட்டுக்கும் என்ன உறவு? கொஞ்சம் நெருங்கிய உறவுதான். ராக்கெட், ஏவுகணை வேலைக்காக உருவான இரண்டு திரவங்கள் கடலில் மீன்பிடிக்கிறவர்களின் கைக்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. ஒன்று ரீலுக்குள் உப்பு நுழையாமல் காவல் நிற்கிறது. இன்னொன்றை அதே நம்பிக்கையோடு பலர் உள்ளே பீய்ச்சி, ரீலை மெல்ல மெல்லக் கெடுக்கிறார்கள். எது எது என்று சொல்கிறேன், பாதியில் ஓடிவிடாதீர்கள்.

முதலில் எதிரி யார் என்று பார்த்துவிடலாம். ஒரு கிலோ கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. ஆனால் ரீல் கடலில் சாவதில்லை, அலமாரியில்தான் சாகிறது. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு தங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்குகிறது. கடலுப்போடு கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பே, 33 சதவீதத்திலேயே நனைந்துவிடும். காய்ந்துவிட்டது என்று நீங்கள் எடுத்து வைத்த ரீல், இரவில் தானாகவே மறுபடியும் கடலில் குளிக்கிறது!

அந்த ஈரத்தில் அலுமினிய உடல், எவர்சில்வர் திருகு, பித்தளைப் பல்சக்கரம் மூன்றும் சேர்ந்தால் அது ஒரு மின்கலம். அதில் பலியாவது எப்போதும் அலுமினியம்தான். கழற்ற வராமல் அடம்பிடிக்கும் திருகைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கிறதே, அது முழுக்க உப்பு அல்ல, உங்கள் ரீலின் உடம்பே அரித்து வெளியே வந்தது.

சரி, எதை வாங்குவது? வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கரையிலிருந்து தூர வீச, தூண்டில் கம்புக்குக் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீல். படகிலிருந்து கனமான ஈயத்தை ஆழத்தில் இறக்க, கம்புக்கு மேலே உட்காரும் மல்டிப்ளையர். இதில் எது உயர்ந்தது என்று சண்டை போடுகிறவர்கள் கருத்துப் பகுதியில் போடுங்கள், நான் வரமாட்டேன். ஒரு நிறுவனத்தின் 4000 என்ற அளவும் இன்னொரு நிறுவனத்தின் 4000 என்ற அளவும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. அதனால் எண்ணை விட்டுவிட்டு, எத்தனை மீட்டர் நரம்பு கொள்ளும் என்று பாருங்கள். அடுத்தது பேரிங், அதாவது சுழலும் தண்டைத் தாங்கும் குண்டு வளையம். பெட்டிமேல் பெரிதாக அச்சிட்ட எண்ணிக்கையில் மயங்காதீர்கள். பத்து பேரிங் என்றால் துருப்பிடிக்கப் பத்து இடம்! நல்ல பேரிங் ஐந்தாறு போதும் என்பது என் கட்சி.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

[திரையில்: கண்ணாடித் தட்டில் கறுப்புத் திரவம். காந்தம் அருகே வர, முள்ளம்பன்றிபோல் சிலிர்த்து நிற்கிறது.]

இதற்கு ஃபெர்ரோஃப்ளூயிட் என்று பெயர். 1963இல் நாசாவின் பொறியாளர் ஸ்டீவ் பாப்பெல் இதை உருவாக்கினார். விண்வெளியில் எடை இல்லாததால் தொட்டியில் எரிபொருள் இஷ்டத்துக்கு மிதக்கும், பம்பின் வாய்க்கு வராது. எரிபொருளில் மிக நுண்ணிய இரும்பு ஆக்ஸைடு துகள்களைக் கலந்துவிட்டால் காந்தத்தால் இழுத்துக்கொண்டு வரலாமே என்று அவர் யோசித்தார். துகள் ஒவ்வொன்றும் சுமார் பத்து நானோமீட்டர்தான். ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமலிருக்க ஒவ்வொன்றுக்கும் ஒரு மேல்பூச்சு. அதனால் அடியில் வண்டல்போல் படியாது, காந்தம் வந்தால் மொத்தத் திரவமும் கூடவே வரும். ராக்கெட் எரிபொருளை இப்படி இழுக்கும் திட்டம் கைகூடவில்லை. ஆனால் திரவம் சும்மா இருக்குமா? சுழலும் தண்டுகளைச் சுற்றிக் காப்புச் சுவராகவும், ஒலிபெருக்கிக்குள் சூட்டைக் கடத்தவும் போய்ச் சேர்ந்தது.

அந்தச் சுவரைத்தான் தூண்டில் ரீல் செய்யும் டைவா நிறுவனம் 2010இல் ரீலுக்குள் கொண்டுவந்து மாக்சீல்டு என்று பெயர் வைத்தது. சுழலும் பாகத்துக்கும் நிலையான பாகத்துக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. அங்கே ஒரு வளையக் காந்தம். அது பிடித்துவைத்த ஃபெர்ரோஃப்ளூயிட் எண்ணெய்தான் சுவர். நீரைத் தடுக்க வழக்கமாகப் போடும் ரப்பர் வளையம் தண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உராயும், கைப்பிடி கொஞ்சம் கனக்கும். இந்தத் திரவச் சுவரோ சுற்றும்போது தடுப்பதே தெரியாது. ராக்கெட் மூளையும் மீன்காரன் ஆசையும் சந்தித்த இடம் இது என்று நான் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன். எட்டுப் பேர் கொட்டாவி விட்டார்கள்.

ஒரு சங்கடமும் உண்டு. அந்த இடத்தில் நீங்களாக வேறு எண்ணெய் விட்டாலோ, பிரித்துப் பார்த்தாலோ சுவர் கலைந்துவிடும். தானே கழற்றித் துடைத்துப் பூட்டுவதில் சுகம் காண்கிறவர் என்றால் ரப்பர் வளையம் வைத்த ரீலே உங்களுக்குச் சரி. நான் அந்தச் சாதி!

பெட்டியில் ஐபிஎக்ஸ்6 என்று நீர் தாங்கும் தரக்குறி போட்டிருந்தால் தண்ணீருக்குள் முக்கலாம் என்று நினைக்காதீர்கள். 12.5 மில்லிமீட்டர் வாயிலிருந்து நிமிடத்துக்கு 100 லிட்டர் வேகத்தில் பீய்ச்சினால் தாங்கும் என்பதே அதன் பொருள். ஒரு மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் கிடப்பது ஐபிஎக்ஸ்7, அது வேறு தேர்வு. ஆறில் தேறியதால் ஏழிலும் தேறியதாகாது. இன்னொரு வேடிக்கை, இந்தத் தேர்வுகளெல்லாம் நன்னீரில் நடக்கின்றன. அதுவும் புத்தம்புது ரீலுக்கு. நன்றாக அடைத்த ரீலுக்குள் ஒருமுறை உப்புநீர் புகுந்துவிட்டால் வெளியே வரவும் வழியிருக்காது என்பதை மறக்காதீர்கள்.

இனி இரண்டாவது திரவம். டபிள்யூ.டி.-40. 1953இல் சான் டியாகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்ற சிறு நிறுவனம் செய்தது. நீரை விரட்டும் கலவை, நாற்பதாவது முயற்சி, அதுதான் பெயரின் விரிவு. அட்லஸ் ஏவுகணையின் மேற்தோல் துருப்பிடிக்காமல் காக்க முதலில் பயன்பட்டது. தன் வேலையில் கெட்டிக்காரத் திரவம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ரீலின் பல்சக்கரங்களுக்கு வேண்டியது கெட்டியாக ஒட்டி நிற்கும் கிரீஸ். இதை உள்ளே பீய்ச்சினால் அந்த கிரீஸ் இளகி ஓடிவிடும். முதல் நாள் வழுக்கிக்கொண்டு சுற்றும், அதுதான் ஆளை ஏமாற்றுகிறது. சில வாரங்களில் கரகரவென்று அரைக்கும். பல்சக்கரத்துக்கு கிரீஸ், பேரிங்குக்கும் கைப்பிடிக் குமிழுக்கும் ஒரு சொட்டு ரீல் எண்ணெய், அவ்வளவுதான்.

கழுவுவது எப்படி? ஒருமுறை வண்டி கழுவும் குழாயால் ரீலை வெளுத்து வாங்கினேன். வெளியே பளபளத்தது. ஒரு மாதம் கழித்துத் திறந்தால் உள்ளே பேரிங் செம்மண் நிறத்தில் இருந்தது. நானே உப்பை உள்ளே ஓட்டியிருக்கிறேன்! அதனால் டிராக்கின் (மீன் இழுக்கும்போது நரம்பை எவ்வளவு எளிதில் விடுவது என்று தீர்மானிக்கும் பிடி) குமிழை முதலில் இறுக்குங்கள், அந்த வழியாக நீர் இறங்காது. பிறகு பூவாளியில் ஊற்றுவதுபோல் மெல்லிய நன்னீர் போதும். வெந்நீர் வேண்டாம், கிரீஸ் இளகும்.

கழுவும்போது லைன் ரோலரை மட்டும் தனியாகக் கவனியுங்கள். கடல்நீரைப் பிழிந்துகொண்டு வரும் நரம்பு முழுவதும் அந்தச் சின்ன உருளைமேல்தான் ஏறி வருகிறது. முதலில் இறுகுவது அதுதான். அது சுற்றாவிட்டால் நரம்பு முறுக்கேறும், தேயும். விரலால் தள்ளிப் பாருங்கள். பின்னல் நரம்பு போட்டிருந்தால் அதன் இழைகளுக்குள் உப்பு ஒளிந்திருக்கும், நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலைத் தனியே கழற்றியும் கழுவுங்கள். பிறகு நிழலில் உலர்த்துங்கள்.

உலர்ந்ததும் டிராக்கை முழுக்கத் தளர்த்தி வையுங்கள். இறுகியே கிடந்தால் உள்ளிருக்கும் வட்டுகள் அமுங்கிப்போகும், அப்புறம் மீன் ஓடும்போது டிராக் திக்கித் திக்கி விடும். அடுத்த முறை கிளம்பும்போது தராசு வைத்து நரம்பின் பலத்தில் நாலில் ஒரு பங்குக்குத் திரும்ப இறுக்க வேண்டும். இந்த இரண்டாம் பாதியை நான் ஒருநாள் மறந்துவிட்டேன். விடியற்காலை, முதல் வீச்சு, பளாரென்று ஒரு இழுப்பு. ஸ்பூல் பம்பரமாகச் சுற்றியது, நரம்பு பறவைக்கூடாகச் சிக்கியது. அது என்ன மீன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.