மண்ணுக்குள் கிடந்த தங்கக் கட்டிக்கு வயது சொல்வது எப்படி?

வணக்கம் நேயர்களே.

மதுரைக்குப் பக்கத்தில், வைகைக் கரையில் தேனூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவுக்கு வண்டியூர் போனவர்களுக்குத் தேனூர் மண்டபம் தெரிந்திருக்கும். அந்த மண்டபத்துக்குப் பெயர் கொடுத்த ஊர்தான். 2009-ஆம் ஆண்டு அங்கே மண்ணுக்குள்ளிருந்து ஒரு புதையல் வெளிப்பட்டது. ஏழு தங்கக் கட்டிகள், கூடவே சில பொன் நகைகள். கட்டிகளில் தமிழி எழுத்தில், அதாவது தமிழ் பிராமி என்கிற பழைய தமிழ் எழுத்தில், பெயர் வெட்டியிருந்தது. ‘கோதை’ என்று முடிகிற பெயர்.

தங்கக் காசு கிடைப்பது வேறு. காசில் அரசன் தலை இருக்கும், சின்னம் இருக்கும். கட்டி அப்படியில்லை. பெரும்பாலும் மொட்டையாகத்தான் இருக்கும். இது எந்தக் காலத்தது என்று கேட்டால் பதில் சொல்வது எளிதல்ல. கரித்துண்டுக்குப் பார்ப்பதுபோல் தங்கத்துக்குக் கார்பன் காலக்கணிப்பு செய்ய முடியாது, ஏனென்றால் அதில் கார்பனே இல்லை. தங்கத்துக்குள் நுண்ணளவில் இருக்கும் யுரேனியமும் தோரியமும் சிதையும்போது ஹீலியம் உண்டாகும். அந்த ஹீலியத்தை அளந்து கடைசியாக எப்போது உருக்கினார்கள் என்று கணிக்கும் முறை ஒன்று உண்டு. ஆனால் அதற்கு ஒரு துணுக்கை வெட்டி எடுத்து உருக்க வேண்டும். வரும் விடையிலும் பிழை வரம்பு பெரிது. பழையதா, இன்றைய போலியா என்று பிரித்துக் காட்ட அது உதவும். நூற்றாண்டு சொல்ல உதவாது.

அப்படியானால் தேனூர்க் கட்டிக்கு வயது சொன்னது எது? எழுத்துத்தான். தமிழி எழுத்துக்கு நம்மிடம் ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. மாங்குளம் மலையில் நெடுஞ்செழியன் பெயர் வரும் கல்வெட்டு அதில் முந்தியது. புகளூரில் இரும்பொறைச் சேரர் கல்வெட்டு பிந்தியது. மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்கிறதா, உயிர்மெய்க் குறி எந்தப் பக்கம் நீள்கிறது, கோடு நேராக நிற்கிறதா, வளைகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, புதிதாகக் கிடைத்ததை அந்த வரிசையில் எங்கே வைக்கலாம் என்று தீர்மானிக்கிறார்கள். இப்படித்தான் தேனூர்ப் பொன்னைச் சங்க காலத்தது என்கிறோம். இதில் ஆண்டுக் கணக்கு கிடைக்காது. ஒன்றிரண்டு நூற்றாண்டு முன்பின்னாக இருக்கலாம். அதைச் சொல்லிவிடுவதுதான் நேர்மை. ‘மாக்கோதை’ என்று பெயர் பொறித்த சேரர் வெள்ளிக் காசுகள் கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்திருக்கின்றன. அதற்காகத் தேனூர்க் கோதையும் சேர வம்சம் என்று சொல்லிவிட முடியாது. அந்தப் பெயரை அன்று பலரும் வைத்துக்கொண்டார்கள். வணிகராக இருக்கலாம், ஊர்த் தலைமக்களாக இருக்கலாம்.

எழுத்தோடு அரசு முத்திரையும் இருந்துவிட்டால் கதை எவ்வளவு மாறும் என்பதற்கு ஒரு வெளிநாட்டு உதாரணம். இன்றைய ருமேனியாவில், கார்பேத்திய மலைப் பகுதியில் கிராஸ்னா என்ற இடம். 1887-இல் அங்கே நீளநீளமான ரோமானியத் தங்கப் பாளங்கள் கிடைத்தன. ஒரு பாளத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேல்முகத்தில் சதுரக் குழியாக ஒரு முத்திரை அடித்திருக்கிறது. உள்ளே மூன்று தலைகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அதை அடுத்து நீளமான இன்னொரு முத்திரையில் லூக்கியானுஸ் என்று சோதனை அதிகாரியின் பெயர், இது முதல்தரப் புடமிட்ட பொன் என்ற குறிப்புடன். வேறொரு முத்திரையில் சிர்மியம் நகரின் பெயர்ச் சுருக்கம். இன்று அந்த நகரம் செர்பியாவில் இருக்கிறது.

அந்த மூன்று தலைகள்தான் சாட்சி. வாலண்டினியனும் அவர் தம்பி வாலன்ஸும் 364-இல் பேரரசர்களானார்கள். வாலண்டினியனின் மகன் கிராஷியனுக்கு 367-இல் பட்டம் கட்டினார்கள். அதன் பிறகுதான் பேரரசர்கள் மூவர். ஆகவே அந்த முத்திரை 367-க்கு முந்தி அடித்ததாக இருக்க முடியாது. அதே ஆண்டுகளில்தான், வரியாக வரும் பொற்காசை உருக்கிக் கட்டியாக்கிக் கருவூலத்தில் சேர்க்க வேண்டும் என்று ரோமானியப் பேரரசில் சட்டமும் வந்தது. கள்ளக் காசும் மாற்றுக் குறைந்த காசும் புழங்கியதால் அப்படிச் செய்தார்கள். சட்டமும் பாளமும் ஒன்றையொன்று உறுதி செய்கின்றன. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துபோகும்.

எழுத்தும் முத்திரையும் இல்லாத கட்டி என்றால் வார்ப்பைப் பார்க்க வேண்டும். பழைய கட்டியைத் திறந்த அச்சில் ஊற்றியிருப்பார்கள். ஆறும்போது மேல்முகம் நடுவில் லேசாகக் குழிந்துவிடும், ஊசிமுனை அளவுக் குமிழ்த் துளைகளும் தெரியும். அடிமுகத்தில் அச்சின் மண் சொரசொரப்பு அப்படியே படிந்திருக்கும். இயந்திரத்தில் உருட்டிய தகட்டில் இவை இருக்காது. ஒரே திசையில் மெல்லிய கோடுகள் ஓடும். பிறகு கலப்பு. ஆற்றில் அரித்தெடுத்த பொன்னில் வெள்ளி இயல்பாகவே கலந்திருக்கும், சில சமயம் ஆஸ்மியம், இரிடியம் துகள்கள் வெள்ளைப் புள்ளியாகக் கண்ணில் படும். ஒரு எச்சரிக்கை: நெடுங்காலம் மண்ணில் கிடந்த கட்டியின் மேல்தோலில் வெள்ளியும் செம்பும் கரைந்து போயிருக்கும். பத்தர் உரைகல்லில் லேசாக உரசிப் பார்த்தால் மாற்று உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். எக்ஸ்-கதிர்க் கருவிக்கும் அதே கதிதான், அதுவும் மேல்தோலைத்தான் பார்க்கிறது.

“தோண்டும்போது கிடைத்தது, பாதி விலைக்குத் தருகிறோம்” என்று கட்டியோடு வருகிறவர்களை நம்பாதீர்கள். முதலில் உரசக் கொடுப்பது நல்ல பொன், பிறகு கைக்கு வருவது பித்தளை. தங்கத்தின் அடர்த்தி தண்ணீரைப்போல் 19.3 மடங்கு, பித்தளைக்கு 8.5 மடங்கு அளவில்தான். தண்ணீரில் போட்டு எடை பார்த்தாலே பித்தளை காட்டிக்கொடுத்துவிடும்.

உண்மையிலேயே உங்கள் காட்டில் உழும்போது இப்படி ஒன்று தட்டுப்பட்டால் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், பானை உடைந்திருந்தால் ஓட்டைத் தூக்கி எறியாதீர்கள். பானை ஓட்டின் வனைப்பை வைத்தே காலம் சொல்லலாம். அதற்குள் ஒட்டிய ஒரு கரித்துண்டு கார்பன் கணிப்புக்குப் போகும். ஆச்சாரியிடம் கொண்டுபோய் மூசையில் (உருக்கும் மண்கிண்ணத்தில்) வைத்துவிட்டால் எழுத்தும் போச்சு, வார்ப்பும் போச்சு, ஹீலியமும் போச்சு.

அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளும் என்ற பயத்தில்தான் பலர் உருக்குகிறார்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதுவானாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போய், ஓராண்டு வரை சிறையும் கிடைக்கலாம். தெரிவித்து, அதற்கு உரியவர் யாரும் இல்லை என்று முடிவானால், வேறு உடன்பாடு இல்லாத நிலையில், கண்டெடுத்தவருக்கு நாலில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசே எடுத்துக்கொள்வதானால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. உங்கள் கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னால் தகவலை மேலே அனுப்புவார்.

நன்றி, வணக்கம்.