நீர் அறிக்கையில் இல்லாத வரி

வணக்கம் நண்பர்களே. நான் டயாலிசிஸ் செய்துகொள்ளும் இடத்தில் நீர்ப் பரிசோதனை அறிக்கையைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனதைப் பழைய காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். இந்த வாரம் ஒருவழியாக நகல் கைக்கு வந்துவிட்டது. இதோ, இரண்டு தாள்கள். எண்களின் மேலேயே ஊக்கைக் குத்தித் தந்திருக்கிறார்கள், அதைப் பிரிப்பதற்குள் தாளே கிழிந்துவிட்டது. இப்படித் தருபவர்களை எனக்கு அறவே பிடிக்காது.

இதில் அலுமினியம், குளோரின், பாக்டீரியா எண்ணிக்கை, பாக்டீரியாவின் நச்சான எண்டோடாக்சின் எல்லாம் இருக்கின்றன. நுண்நெகிழிக்கு, அதாவது நுண்ணிய பிளாஸ்டிக் துகள்களுக்கு, மட்டும் வரி இல்லை. டயாலிசிஸின்போது அவை ரத்தத்துக்குள் போகுமா என்பதுதான் என் கேள்வி. அலுமினியத்துக்கும் அந்த வரி சும்மா கிடைத்துவிடவில்லை. டயாலிசிஸ் நீரிலிருந்த அலுமினியம் நோயாளிகளின் மூளையைப் பாதிப்பது 1970களில் தெரியவந்த பிறகுதான் அதற்குக் கட்டுப்பாடு பிறந்தது.

நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் வீதம் 4 மணி நேரம் ஓடினால், ஒரு முறைக்கு 120 லிட்டர் டயாலிசிஸ் திரவம், ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வடிகட்டியான டயலைசரின் சவ்வுக்கு மறுபக்கத்தைக் கடந்து செல்கிறது. சவ்வின் துளைகள் நானோமீட்டர் அளவிலானவை என்பதால், சவ்வு கிழியாதவரை மைக்ரோமீட்டர் அளவுத் துகள்கள் ரத்தத்துக்குள் நுழைய வழியில்லை. சில நானோமீட்டரே உள்ள துகள்களைப் பற்றித்தான் கேள்வி எழுகிறது. ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்: நீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. சவ்வும் பிளாஸ்டிக்தான், சுத்தமான நீர் அதன்பின் பெரும்பாலும் பிளாஸ்டிக் குழாய்களின் வழியாகவே இயந்திரத்துக்கு வருகிறது.

எல்லோரும் ஆர்.ஓ.வைப் பற்றியே கேட்கிறார்கள், எனக்கோ ரத்தத்தைக் குழாயில் ஓட்டும் ரத்த பம்ப்பின்மீதுதான் சந்தேகம். அதன் உருளைகள் மணிக்கணக்கில் குழாயை நசுக்கிக்கொண்டே சுற்றுவதால் உட்சுவரிலிருந்து துணுக்குகள் உதிரக்கூடும், அவை நேராக ரத்தத்திலேயே விழும், அங்கே நீர் வடிகட்டிக்கு வேலையே இல்லை. முன்பு சிலிக்கோன் குழாய் பயன்பாட்டில் இருந்தபோது, அப்படி உதிர்ந்த துணுக்குகள் நோயாளிகளின் கல்லீரலிலேயே கண்டெடுக்கப்பட்டன.

ஆகவே, தொடங்குமுன் சலைன் எனும் உப்புநீரை விட்டுக் குழாய்களை அலசும் பிரைமிங்கை அவசரமாக முடிப்பவர்களைக் கண்டாலே எனக்குக் கோபம் வருகிறது. உதிர்ந்து கிடக்கும் துகள்களை அடித்துச் செல்ல அதுதான் வாய்ப்பு. அந்தச் சலைனுக்கும் அமெரிக்க மருந்து நெறிநூலில் வரம்பு உண்டு: 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட பைகளில், ஒரு மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலுமான துகள்கள் சராசரியாக 25க்கு மிகக் கூடாது. ஆனால் துகள் எதனாலானது என்று அந்த எண்ணிக்கை கேட்பதில்லை. 10 மைக்ரோமீட்டருக்குக் கீழ் இருப்பவை கணக்கிலேயே வருவதில்லை. எனவே நான் நாளைக்கே பிரைமிங்குக்கு எவ்வளவு சலைன் விடுகிறார்கள் என்று எழுத்தில் கேட்கப்போகிறேன், ஊக்கு குத்தாத தாளில்.