இரண்டு நாள் டிரில், நாலு நாள் சம்பளம்: காலேஜ் ஃபீஸுக்கு அமெரிக்க ராணுவம் வைத்திருக்கும் வழி

இரண்டு நாள் வேலை, நாலு நாள் சம்பளம்! கொடுப்பது அமெரிக்க ராணுவம், வாங்குவது காலேஜ் மாணவர். வணக்கம் நண்பர்களே! அமெரிக்காவில் பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பப் போகிறவர்கள் இந்த வீடியோவைக் கடைசி வரை பாருங்கள்.

திட்டத்தின் பெயர் சைமல்டேனியஸ் மெம்பர்ஷிப் புரோகிராம், சுருக்கமாக எஸ்.எம்.பி. கல்லூரியிலேயே ராணுவ அதிகாரிப் பயிற்சி தரும் ஆர்.ஓ.டி.சி. 1916-இல் வந்தது. நேஷனல் கார்டும் ஆர்மி ரிசர்வும் பகுதிநேரப் படைகள்: மாதம் ஒரு சனி, ஞாயிறு பயிற்சி (இதுதான் டிரில்), வருடத்துக்கு இரண்டு வாரம். ஆர்.ஓ.டி.சி. பயிற்சியிலும் இந்தப் படைகளில் ஒன்றிலும் ஒரே சமயத்தில் இருப்பதுதான் எஸ்.எம்.பி.

(திரையில்: சனி 2 + ஞாயிறு 2 = 4)

சரி, காசுக்கு வருவோம். டிரில் சம்பளத்தை நாள் கணக்கில் போடுவதில்லை, பீரியட் கணக்கில் போடுகிறார்கள். ஒரு நாளுக்கு இரண்டு பீரியட். ஒவ்வொரு பீரியடுக்கும் ஒரு முழு நாள் அடிப்படைச் சம்பளம். அதுவும் சார்ஜன்ட் சம்பளம்! நேற்று வரை பிரைவேட்டாக, அதாவது கடைநிலைச் சிப்பாயாக இருந்தவர்கூட எஸ்.எம்.பி. கேடட் ஆனதும் இ-5, அதாவது சார்ஜன்ட் விகிதத்தில் வாங்குவார்.

இதைவிட எனக்குப் பிடித்தது, உதவிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வித்தை. ரிசர்வ் படைகளுக்கென்று ஜி.ஆர்.எஃப்.டி. என்று ஒரு ஸ்காலர்ஷிப் இருக்கிறது. டியூஷன் எனும் படிப்புக் கட்டணமா, தங்குமிடம்-சாப்பாட்டுச் செலவா, எது வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். இல்லினாய் போன்ற மாநிலங்களில் நேஷனல் கார்டில் இருப்பவருக்கு அரசுப் பல்கலைக்கழக டியூஷனை மாநிலமே ஏற்றுக்கொள்கிறது. அப்படியானால்? டியூஷனை மாநிலத்திடம் விட்டுவிட்டு, ஸ்காலர்ஷிப்பைத் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் திருப்பிவிடலாம். அப்புறம் புத்தகத்துக்கு வருடம் 1,200 டாலர், படிக்கும் மாதங்களில் மாதம் 420 டாலர் உதவித்தொகை, டிரில் சம்பளம் தனி. அழகான ஏற்பாடு! ஆனால் சலுகைகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் மாநில நேஷனல் கார்டு அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

யூனிட்டில் கேடட்டின் நிலை விசித்திரமானது. சிப்பாயும் இல்லை, அதிகாரியும் இல்லை. யாரும் சல்யூட் அடிக்க மாட்டார்கள். பிளட்டூன் என்ற சிறு படைப்பிரிவின் லீடர் கூடவே நின்று வேலை கற்றுக்கொள்ள வேண்டும். பட்டம் வாங்கி செகண்ட் லெப்டினன்ட் ஆகும் நாளில்தான் முதல் சல்யூட். அதை அடிக்கும் சிப்பாய்க்குப் புது அதிகாரி ஒரு வெள்ளி டாலர் நாணயம் கொடுப்பது அங்கே வழக்கம். எனக்கு ரொம்பப் பிடித்த சடங்கு இது.

இப்போது விலையைப் பார்ப்போம். நம்மூர் என்.சி.சி. மாதிரி சான்றிதழ் வாங்கிவிட்டு வந்துவிட முடியாது. பொதுவாக எட்டு வருடக் கடமை. கேடட்டாக இருக்கும்வரை யூனிட் போருக்குப் போனாலும் உங்களை அனுப்ப மாட்டார்கள். அதிகாரியானதும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பாதியில் விலகினால் ஸ்காலர்ஷிப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், சிப்பாயாகச் சேவை செய்யவும் சொல்லலாம். ஃபீஸ் மிச்சம் என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையை இதில் தள்ளிவிடாதீர்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. சீருடை மேல் ஆசை அவர்களுக்கு இருக்க வேண்டும்.

கிரீன் கார்டு இருந்தால் சிப்பாயாகச் சேரலாம், அதிகாரியாகக் குடியுரிமை கட்டாயம். மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு இந்த வழி இல்லை. உங்கள் மாநிலத்தைக் கமென்டில் போடுங்கள், அங்கே நேஷனல் கார்டு என்ன தருகிறது என்று அடுத்த வீடியோவில் பார்ப்போம்.