பந்தல் போட்டவர் யார்?

நடுவர் அவர்களே, வணக்கம். இந்தியாவுக்குக் கடல்வழி கண்ட புகழ், ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிய போர்த்துகீசிய மாலுமி பார்த்தலோமியு டயஸுக்கா, அவருக்குப் பின் கோழிக்கோட்டில் வந்திறங்கிய வாஸ்கோடகாமாவுக்கா? இதுதான் தலைப்பு. நான் டயஸ் அணி. எதிரணி நண்பர் எடுத்த எடுப்பிலேயே ரயில் ஏறிவிட்டார். வேளாங்கண்ணிக்கும் கோவாவில் உள்ள வாஸ்கோடகாமா என்ற ஊருக்கும் ரயில் ஓடுகிறதே, டயஸ் ஊருக்கு டிக்கெட் உண்டா என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். சரி, தண்டவாளத்தை விட்டுக் கொஞ்சம் கடலுக்கு வாருங்கள்.

1487 ஆகஸ்ட். லிஸ்பனிலிருந்து இரண்டு சின்னப் பாய்மரக் கப்பல்கள் கிளம்புகின்றன, பின்னால் சாப்பாட்டுச் சாமானோடு இன்னொன்று. கரையை ஒட்டியே தெற்கே போனவர்களைப் புயல் பிடித்து 13 நாள் அடித்துத் தள்ளியது. ஓய்ந்ததும் கரையைத் தேடிக் கிழக்கே திருப்பினார் டயஸ். நாள் கணக்கில் போயும் எதிரே வரவேண்டிய கரை வரவே இல்லை! இருந்தும் பதறவில்லை, வடக்கே திருப்பினார். 1488 பிப்ரவரி 3 அன்று தென்னாப்பிரிக்காவின் இன்றைய மோசல் விரிகுடா கண்ணில் பட்டது. முனையைப் பார்க்காமலேயே தாண்டியிருந்தார், ஐயா!

'பாதியில் திரும்பியவர்தானே?' என்றார் நண்பர். திரும்ப வைத்தவர்கள் மாலுமிகள். சாப்பாட்டுக் கப்பல் எங்கோ பின்னால் நிற்கிறது, வயிறு கேட்குமா? இன்னும் சில நாள் என்று கெஞ்சித்தான், பயணத்தின் கடைசி எல்லையான ஓர் ஆற்றங்கரை வரை போனார். வழியில் தாம் நட்ட கல்தூணைத் திரும்பும்போது, நாடு கடத்தப்பட்ட மகனைப் பிரிவதுபோலப் பிரிந்தார் என்று பழைய போர்த்துகீசிய வரலாறு சொல்கிறது. அந்தத் தூணின் உடைந்த துண்டுகளை 1938-இல் மணலிலிருந்து பொறுக்கி எடுத்தார்கள். சாப்பாட்டுக் கப்பலில் விட்டுப்போன 9 பேரில் மிஞ்சியவர்கள் 3 பேர். அதிலும் ஒருவர், தோழர்களைக் கண்ட சந்தோஷத்திலேயே உயிரை விட்டாராம்.

டயஸ் உத்தமர் என்று நான் வாதாட வரவில்லை. மோசல் விரிகுடாவில் கல்லெறிந்த மேய்ப்பர்களில் ஒருவரை அம்பெய்து கொன்றவர்தான். ஆனால் 1502-இல் மெக்கா யாத்திரை போய்த் திரும்பியவர்களைக் கப்பலோடு எரித்த காமாவின் அணி, அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

அப்புறம், 1497-இல் காமா ஏறிவந்த கப்பல்கள் யார் மேற்பார்வையில் கட்டியவை? டயஸ்! கேப் வெர்டே தீவுகள் வரை கூடவே போனார், அதற்குமேல் அவருக்கு உத்தரவு இல்லை. பந்தல் போட்டவரைப் பந்தியில் உட்காரவிடாத கதை. காமாவுக்கு ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலுள்ள மாலிந்தியிலிருந்து கோழிக்கோடு வரை வழிகாட்ட ஒரு மாலுமி கிடைத்தார். டயஸுக்கு யார் காட்டினார்கள்?

அந்த முனைக்கு அவர் வைத்த பெயர் புயல் முனை. 'நன்னம்பிக்கை முனை' என்று மாற்றியவர் போர்த்துகீசிய மன்னர் இரண்டாம் ஜான் என்பார்கள். அரண்மனையில் இருந்தவருக்கு நம்பிக்கை தெரிந்தது, கப்பலில் இருந்தவருக்குப் புயல் தெரிந்தது. 1500-இல் கப்ரால் என்ற போர்த்துகீசியத் தளபதியின் தலைமையில் 13 கப்பல்கள் இந்தியாவுக்குக் கிளம்பின. ஒன்றுக்கு டயஸ் தலைவர். முனையருகே புயலில் நான்கு கப்பல்கள் மூழ்கின. அதில் ஒன்று அவருடையது. காமாவுக்கு லிஸ்பனில் கல்லறை இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். டயஸுக்குப் பூப்போட வேண்டுமென்றால், நடுவர் அவர்களே, கடலில்தான் போட வேண்டும்.