ஊர் திரும்புகிற மாடு

வணக்கம். வண்டியையே வீடாக வைத்துக்கொண்டு ஊர் சுற்றுவதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே போனோம், என்ன பார்த்தோம் என்பதை இன்று விட்டுவிடுகிறேன். ஹம்பியின் கல்தேரைப் பற்றி நீங்கள் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நான் பேச வந்தது திரும்பி வருகிற நாளைப் பற்றி. பயணம் முடிய ஒரு நாளோ இரண்டு நாளோ இருக்கும்போது ஒரு நீண்ட ஓட்டம் வரும் பாருங்கள், அதைப் பற்றி.

எங்களுடையது பழைய டெம்போ டிராவலர். நானும் என் வீட்டுக்காரரும் ஓய்வு பெற்ற பிறகு வாங்கினோம். பின்சீட்டுகளை எடுத்துவிட்டு இரண்டு பேர் படுக்கக் கட்டில், ஒரு அடுப்பு மேடை, 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. இப்படி மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிந்தாக வேண்டும். முதலில் அதை முடியுங்கள், ஆசாரியை அப்புறம் கூப்பிடலாம்.

அந்த முறை 11 நாள் சுற்றிவிட்டுக் கர்நாடகத்தில் சித்ரதுர்கா பக்கம் தங்கியிருந்தோம். விடியற்காலை டீ குடித்தபடி வீட்டுக்காரர் எதிரே இருந்த ரோட்டைக் காட்டி, "இது எங்க போகுது தெரியுமா? நம்ம சத்துவாச்சாரிக்கு" என்றார். உண்மைதான். சென்னையில் கிளம்பி வேலூர், பெங்களூர், மும்பை வழியாக டெல்லி வரை போகிற 48-ஆம் எண் நெடுஞ்சாலை அது. 400 கிலோமீட்டருக்கு அப்பால், வேலூர்ச் சத்துவாச்சாரியில் நம் தெரு முனை. அந்த நினைப்பு காலையிலேயே மனசுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

சீரா தாண்டிப் பஞ்சர். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. பெங்களூரைச் சுற்றிக்கொண்டு ஓசூர் வருவதற்குள் மத்தியானம் போய்விட்டது. கிருஷ்ணகிரி தாண்டினால் ரோடு இறங்குவது தெரியும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம், நம் வேலூர் 200 மீட்டர் சொச்சம். ஒவ்வொரு ஊராக இறங்க இறங்க ஜன்னலில் வருகிற காற்று சூடாகிக்கொண்டே வரும். பர்கூர், நாட்றம்பள்ளி, வாணியம்பாடி. அங்கிருந்து பாலாறு கூடவே வருகிறது. ஆம்பூரில் பிரியாணி வாசனை. நம்ம ஊர் வந்துவிட்டது என்று உடம்பே சொல்கிறது.

அங்கேதான், நேயர்களே, கவனமாக இருக்க வேண்டும். இதைச் சொல்லத்தான் நான் வந்தேன்.

எங்கள் கிராமம் கணியம்பாடிப் பக்கம். சின்ன வயதில் ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போவோம். அடியில் வைக்கோல், மேலே கோரைப்பாய், பின்னால் அண்டா குண்டான், வண்டிக்குக் கீழே ஆடிக்கொண்டு ஒரு அரிக்கேன் விளக்கு. அதுவும் வண்டியே வீடான பயணம்தானே! போகும்போது தாத்தா மாடுகளை அதட்டிக்கொண்டே போவார். திரும்பும்போது அதட்ட வேண்டியதில்லை. ஊர்ப் பக்கம் முகத்தைத் திருப்பியதும் மாடு தானாக நடையைக் கூட்டும். எவ்வளவு களைத்திருந்தாலும் கூட்டும். தாத்தா அப்போது மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்தபடியே வருவார். "போகிற மாட்டை ஓட்டணும், வர்ற மாட்டை அடக்கணும்" என்பார்.

பொழுது சாய்ந்ததும் கண்ணமங்கலத்தில் நுகத்தடியை இறக்கிவிடுவார். ஊருக்கு இன்னும் இரண்டு மணி நேர நடைதான். நாங்கள் எல்லாம் அழுவோம், வீட்டுக்குப் போகலாம் என்று. அசைய மாட்டார். பாட்டி ஒரு முடிச்சை அவிழ்ப்பாள். உள்ளே ஒரு படி அரிசி, கொஞ்சம் புளி. திரும்பும் ராத்திரிக்கென்று புறப்படும்போதே முடிந்து வைத்தது. கோயிலில் எத்தனை பேர் பசி என்று வந்து நின்றாலும் அந்த முடிச்சில் மட்டும் கை வைக்க மாட்டாள்.

மாதனூர் வரும்போது சூரியன் எங்களுக்குப் பின்னால் இறங்கி, வலப்பக்கக் கண்ணாடியில் கூசியது. நான் ரோட்டைப் பார்க்கவில்லை, இவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கை ஸ்டியரிங்கை விட்டுப் பிடரியைத் தேய்க்கிறது. திரும்ப வைக்கிறது. மறுபடி தேய்க்கிறது. வேக முள் எப்போதும் 55-ல் நிற்கும், அன்று 70-ஐத் தாண்டியிருந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை. தாத்தாவின் மாடுகள் ஞாபகம் வந்தன.

60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகும். மூன்று வினாடி கண் சொக்கினால் 50 மீட்டர். ஒரு தெருவின் நீளம், ஓட்ட ஆளில்லாமல். அந்த நேரத்தில் நம் பக்கத்து ரோட்டில் என்னென்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். விளக்கில்லாத டிராக்டர், எதிர்த்திசையில் ஒரு பைக், குறுக்கே ஓடுகிற ஆடு.

பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும், "ஏங்க, ஓரமா நிறுத்துங்க" என்றேன்.

"இன்னும் அரை மணி நேரம்தான். வீட்டுல போய்ப் படுத்துக்கலாம்."

"தெரியும். நிறுத்துங்க."

லாரிகள் நிற்கிற ஒரு பெட்ரோல் பங்க்கில் கேட்டுக்கொண்டு நிறுத்தினோம். கோபம்தான் அவருக்கு. நான் ஒன்றும் பேசாமல் டப்பாவைத் திறந்து அரிசியைக் களைந்தேன். ரசம் கொதிப்பதற்குள் அவர் தூங்கிவிட்டார், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

அந்த ராத்திரி நிற்க முடிந்தது எதனால்? அரிசி இருந்தது, தொட்டியில் தண்ணீர் இருந்தது. கடைசி நாள்தானே என்று பலர் காலையிலேயே எல்லாவற்றையும் காலி செய்துவிடுகிறார்கள். அப்புறம் எங்கே நிற்பது? சமைக்க ஒன்றுமில்லை, குடிக்கத் தண்ணீரில்லை, வீட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்று ஓட்டுகிறார்கள். ஒரு வேளைச் சமையலுக்கு மிச்சம் வையுங்கள். மறுபடியும் சொல்கிறேன், ஒரு வேளைக்கு மிச்சம் வையுங்கள்.

காலையில் ஒரு அம்மா கூடையில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கொண்டுவந்தார். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர்க் காய். அரைக் கிலோ வாங்கிக்கொண்டு, குளித்து, கோலம் போடுகிற நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தோம்.

வண்டிக்குள் எதை எங்கே வைப்பது என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். நேரமாகிவிட்டதென்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். மூன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். டயரில் காற்றைக் காலையில், வண்டி எடுப்பதற்கு முன்பே பாருங்கள். ஓடிய பிறகு சூட்டில் அளவு ஏற்றமாகக் காட்டும். தண்ணீர்த் தொட்டி பாதி இருந்தால் பிரேக் போடும்போது உள்ளே அலையடிக்கும், அதனால் ஒரே பெரிய தொட்டிக்குப் பதில் இரண்டு சின்னதாக வையுங்கள். வண்டி நகர்வதற்கு முன் கேஸ் ரெகுலேட்டரை மூடியாகிவிட்டதா என்று கை வைத்துப் பாருங்கள். வணக்கம்.